மண்ணில் வாழும் குட்டிக் கணுக்காலிகளைப் பள்ளி நுண்ணோக்கியில் உருப்படியாகப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: உயர்நிலை வகுப்பு மாணவர்கள், சாதாரணப் பள்ளி நுண்ணோக்கிகள், ஒரு பிடி மண். மண்ணை ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் கறுப்பாக ஏதோ தெரிகிறதே தவிர உயிர் எதுவும் கண்ணில் படவில்லை. தப்பித் தவறி ஒன்று ஊர்ந்து போனாலும் அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இன்னும் அதிக உருப்பெருக்கம் உள்ள கருவி வாங்கலாமா, அடையாளம் காண நல்ல அட்டவணை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருவி வாங்க வேண்டாம். அட்டவணையும் முதல் நாளே வேண்டாம். இருக்கிற கருவியில் உருப்பெருக்கத்தைக் குறையுங்கள், வெளிச்சத்தை மேலிருந்து கொடுங்கள், மண்ணை நேராக ஸ்லைடில் வைக்காமல் உயிர்களை மண்ணிலிருந்து தனியே பிரித்தெடுங்கள். "இதன் பெயர் என்ன?" என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, "இது மண்ணில் எந்த ஆழத்தில் வாழ்கிற உடம்பு?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவராலும் உடம்பைப் பார்த்தே பதில் சொல்ல முடியும். முதல் கேள்விக்குப் பல நேரங்களில் நிபுணர்களாலும் சட்டென்று முடியாது.

முதலில் அளவு பற்றி ஒரு தெளிவு வேண்டும். நாம் தேடுபவை பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை இருப்பவை. மைட்டுகள் (சிலந்தியின் உறவினர்களான எட்டுக்கால் உயிர்கள்), ஸ்பிரிங்டெயில்கள் (துள்ளும் ஆறுகால் உயிர்கள்) இரண்டும்தான் எண்ணிக்கையில் முன்னணி. வளமான காட்டு மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குள் இவை பல்லாயிரக்கணக்கில் இருக்கும். கூடவே போலித்தேள், மண்ணுக்குள் வாழும் வெளிறிய உயிர்களான டிப்ளூரா, சிம்ஃபைலா, பாரோபோடா (இவற்றைப் பின்னால் பார்ப்போம்), வண்டு மற்றும் ஈக்களின் லார்வாக்கள், சிறு மரவட்டை, சிறு பூரான், எறும்பு. இவற்றில் எதுவும் பாக்டீரியா அளவுக்குச் சிறியது இல்லை. நல்ல பார்வை உள்ளவர் வெறுங்கண்ணாலேயே ஒரு நகரும் புள்ளியாக இவற்றில் பலவற்றைப் பார்த்துவிடலாம். அதனால் 400 மடங்கு என்பது தேவையில்லை என்பது மட்டுமல்ல, இடைஞ்சலும்கூட.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். கண்ணருகு லென்ஸின் விளிம்பில் 10×/18 என்று பொறித்திருந்தால், அந்த 18-ஐப் பொருளருகு லென்ஸின் உருப்பெருக்கத்தால் வகுத்தால் நீங்கள் பார்க்கும் வட்டத்தின் விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 4× லென்ஸில் 4.5 மில்லிமீட்டர். 10× லென்ஸில் 1.8. 40× லென்ஸில் வெறும் 0.45. ஒன்றரை மில்லிமீட்டர் நீள ஸ்பிரிங்டெயில் ஒன்று முதலாவதில் வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு முழுசாகத் தெரியும். மூன்றாவதில் அதன் காலோ வயிறோ ஏதோ ஒரு துண்டுதான் தெரியும், அதுவும் நகர்ந்தால் காணாமல் போய்விடும். 40× லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது என்பதால், உருண்டையான உடம்புள்ள உயிர் லென்ஸிலேயே இடித்துவிடும். இந்த வகுத்தல் கணக்கை மாணவர்களையே முதல் பத்து நிமிடத்தில் போட வையுங்கள். அதன் பிறகு வகுப்பு முழுக்க அளவுகோல் தனியாகத் தேவைப்படாது. "வட்டத்தில் கால் பங்கு" என்று சொன்னாலே நீளம் கிடைத்துவிடும்.

ஸ்டீரியோ நுண்ணோக்கி இருந்தால் சொல்லவே வேண்டாம், இந்த வேலைக்கு அதுதான் சரியான கருவி. 10 முதல் 40 மடங்கு வரை பெரிதாக்கும், பிம்பம் நேராக இருக்கும், இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறு கோணத்தில் காட்டுவதால் ஆழமும் தெரியும். லென்ஸுக்குக் கீழே கை நுழைகிற அளவு இடம் இருப்பதால் ஈரத் தூரிகையால் உயிரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கிறது என்றால், அவற்றைத் தரம் பிரிக்கும் மேசையில் வைத்துவிட்டு, தனித்தனியாகப் பார்ப்பதற்கு மற்ற நுண்ணோக்கிகளைப் பயன்படுத்துங்கள்.

சாதாரணக் கூட்டு நுண்ணோக்கியை இதற்குப் பழக்குவது அப்படியொன்றும் கடினமில்லை. அடியில் உள்ள விளக்கை அணைத்துவிடுங்கள். மேடையில் உள்ள துளையை ஒரு கறுப்பு அட்டைத் துண்டால் மூடி, அதன் மேல் சிறிய பெட்ரி தட்டையோ குழி ஸ்லைடையோ வையுங்கள். ஒரு சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறைய 45 பாகை சாய்வில் பிடியுங்கள். 4× லென்ஸைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான். அடியிலிருந்து ஒளி வந்தபோது வெறும் கரிய நிழலாக இருந்த மைட் இப்போது செம்பழுப்பு நிறத்தில், மேலே முடிகளோடு, பளபளப்பாகத் தெரியும். வெள்ளை உயிர்களுக்குக் கறுப்புப் பின்புலம், கரிய உயிர்களுக்கு வெள்ளைப் பின்புலம். கூட்டு நுண்ணோக்கியில் எல்லாம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஊர்ந்து போகிற ஒன்றைத் துரத்த முயலும் மாணவர் ஒவ்வொரு முறையும் தட்டை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு எரிச்சலடைவார்.

ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014-இல் அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பைப் பற்றியும் பலர் கேட்பார்கள். 140 மடங்கு பெரிதாக்கும், நல்ல கருவி. ஆனால் ஒளி ஊடுருவிச் செல்லும் மெல்லிய மாதிரிகளுக்குத்தான் அது பொருத்தம். உயிரோடு ஓடுகிற, தடித்த உடம்புள்ளவற்றை முதலில் பார்க்க அது வேண்டாம். இரண்டாம் கட்டத்தில், கிளிசரினில் வைத்த சிறு மைட்டின் காலையோ உணர்கொம்பையோ பார்க்க அதைப் பயன்படுத்தலாம்.

சரி, உயிர்களை மண்ணிலிருந்து எப்படி எடுப்பது? நூறு வருடங்களுக்கு மேலாக இதற்கு ஒரே யோசனைதான். 1905-இல் இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லீசே ஒரு புனலைச் சுற்றி வெந்நீர் உறை வைத்து, உள்ளே வலையின் மேல் மண்ணைப் பரப்பினார். மேலிருந்து மண் காயக் காய, உள்ளே இருப்பவை ஈரம் தேடிக் கீழே இறங்கி, கடைசியில் புனலின் குழாய் வழியாகக் கீழே உள்ள பாத்திரத்தில் விழுந்தன. 1918-இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் துல்கிரன் வெந்நீருக்குப் பதிலாக மின்விளக்கைப் பயன்படுத்தினார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் இருப்பது இந்தப் பெர்லீசே-துல்கிரன் புனல்தான். பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தாலே உங்களுக்குப் புனல் கிடைத்துவிடும். உள்ளே சுமார் 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை. அதன் மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணோ சருகோ.

இந்தப் புனல் விஷயத்தில் மூன்று இடங்களில்தான் வகுப்புகள் சறுக்குகின்றன.

முதலாவது விளக்கு. இப்போது எல்லாம் எல்இடி ஆகிவிட்டது. எல்இடி பல்பு வெளிச்சம் தரும், மண்ணைக் காய வைக்காது. உயிர்களைக் கீழே தள்ளுவதில் பெரும் பங்கு வெப்பத்துக்கும் வறட்சிக்கும்தான். பழைய மாதிரி இழை பல்பு 25 வாட்டில் கிடைத்தால் அதை மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கவலை வேண்டாம், விளக்கே இல்லாமல் காற்றோட்டமான அறையில் ஒரு வாரம் விட்டுவிட்டாலும் மண் தானாகக் காய்ந்து உயிர்கள் இறங்கும். கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவே. மாறாக, சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று 100 வாட் பல்பை நெருக்கமாக வைத்தால், மெல்லிய தோலுள்ள ஸ்பிரிங்டெயில்களும் குட்டிகளும் பாதி வழியிலேயே வறண்டு செத்துவிடும். கடினமான ஓடுள்ள மைட்டுகள் மட்டும் தப்பி வந்து சேரும். அதைப் பார்த்துவிட்டு "இந்த மண்ணில் ஸ்பிரிங்டெயில் இல்லை" என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள்.

இரண்டாவது, மண்ணை வைக்கும் விதம். உதிர்த்துப் பொடியாக்கிக் கொட்டினால் பாதி மண் வலை வழியாகக் கீழே விழுந்து, பாத்திரத்தில் சேறுதான் மிஞ்சும். வெட்டியெடுத்த கட்டியை முழுசாக, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மண்ணின் மேற்பகுதியில்தான் துளைகளும் இடைவெளிகளும் அதிகம். அந்தப் பக்கம் வலையை நோக்கி இருந்தால் இறங்கி வர வழி இருக்கும். எடுத்த மண்ணைப் பையில் அழுத்தி நிரப்பக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, அன்றைக்கே புனலில் ஏற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, கீழே வைக்கும் திரவம். எல்லாக் குறிப்புகளும் 70 சதவீத எத்தனால் என்று சொல்லும். சூடான பல்புக்கு அடியில், ஆளில்லாத வகுப்பறையில், இரவு முழுக்கத் திறந்த எத்தனாலை வைப்பது எனக்குச் சம்மதமில்லை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீர் போதும். தினமும் எடுத்து வடிகட்டி, கிடைத்ததை மூடியுள்ள குப்பியில் எத்தனாலுக்கு மாற்றிவிடுங்கள். சோப்பு எதற்கென்றால், ஸ்பிரிங்டெயிலின் தோல் தண்ணீரை ஒட்டவிடாது. வெறும் தண்ணீரில் விழுந்தால் மூழ்காமல் மேலே நின்றுகொண்டு, அங்கிருந்து துள்ளி வெளியேறிவிடும். இதையே ஒரு சோதனையாகச் செய்து காட்டலாம்: ஒரு தட்டில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் சோப்புத் தண்ணீர். மேற்பரப்பு இழுவிசைப் பாடம் இலவசமாக முடிந்துவிடும்.

ஆனால் முதல் வகுப்பு கட்டாயம் உயிருள்ளவற்றோடு நடக்க வேண்டும் என்பேன். செத்து வெளிறிய உடல்களைக் குப்பியில் கொடுத்துத் தொடங்கினால் மாணவர்களுக்கு அது குப்பையாகத்தான் தெரியும். அதற்குப் புனல்கூட வேண்டாம். ஈரமான, பாதி மக்கிய சருகை எடுத்து, வெள்ளைத் தட்டுக்கு மேலே ஒரு சல்லடையில் போட்டு நாலு தட்டுத் தட்டினால் போதும். தட்டில் விழுந்த தூள் கொஞ்ச நேரத்தில் நடக்க ஆரம்பிக்கும். ஈரத் தூரிகையின் நுனியால் ஒன்றைத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். பெட்ரி தட்டில் ஈரமான கறுப்புக் காகிதம், அதன் மேல் அந்த ஒன்று, உடனே மூடி.

ஒரு ஸ்பிரிங்டெயிலை இப்படி 4× லென்ஸில் வைத்துக் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பாருங்கள். முதலில் ஒரு நீளமான சாம்பல் துண்டு. அப்புறம் முன்னால் இரண்டு உணர்கொம்புகள் மாறி மாறித் தரையைத் தட்டுவது தெரியும். ஒவ்வொன்றிலும் நான்கு கண்டங்களை எண்ணலாம். உடம்பு வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே குடல் ஒரு கரிய கோடாகத் தெரியும். அது தின்ற பூஞ்சையும் மக்கிய இலையும்தான் அந்தக் கோடு. திடீரென்று ஆள் காணாமல் போய், தட்டின் மறு ஓரத்தில் இருப்பார். இடையில் நடந்தது எதுவும் கண்ணில் படாது. வயிற்றின் அடியில் மடித்து, ஒரு சிறு கொக்கியில் மாட்டி வைத்திருக்கும் கவட்டை வடிவ உறுப்பை விடுவித்துத் தரையில் அறைந்ததன் விளைவு அது. உயிருள்ளதில் அந்தக் கவட்டை மடிந்தே இருப்பதால் பார்ப்பது சிரமம். எத்தனாலில் போட்டவற்றில் அது பெரும்பாலும் பின்னால் நீட்டிக்கொண்டு விரிந்து நிற்கும். உயிருள்ளதையும் பதப்படுத்தியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னால், துள்ளலுக்கான காரணத்தை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

பக்கவாட்டில் படுத்திருக்கும் ஒன்று கிடைத்தால், வயிற்றின் முதல் கண்டத்துக்கு அடியில் ஒரு குட்டைக் குழாய் தெரியும். நீரை உறிஞ்சவும் உடலின் நீர்ச் சமநிலையைக் காக்கவும் அது உதவுகிறது. இந்தக் குழாய் ஸ்பிரிங்டெயில்களுக்கு மட்டுமே உள்ளது. கவட்டை இல்லாத வகைகள்கூட இருக்கின்றன, குழாய் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். ஆறு கால் இருப்பதால் இதைப் பூச்சி என்றுதான் மாணவர்கள் சொல்வார்கள். வயிற்றுக் கண்டங்கள் ஆறுதான், வாயுறுப்புகள் தலைக்குள்ளே புதைந்திருக்கின்றன, அதனால் இன்று பெரும்பாலான வகைப்பாடுகளில் இது பூச்சிகளோடு சேர்க்கப்படுவதில்லை. ஸ்காட்லாந்தின் ரைனி பாறைப் படிவில் கிடைத்த ஸ்பிரிங்டெயில் புதைபடிவத்துக்கு ஏறக்குறைய 40 கோடி ஆண்டு வயது. டைனோசர்கள் வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இவை மண்ணில் இருந்தன என்று சொன்னால் பின் வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

மைட்டுகளில் வேறு மாதிரிச் சுவாரசியம். கரும்பழுப்பாக, பளபளப்பாக, அவசரமே இல்லாமல் நடப்பவை ஒரிபாட்டிட் மைட்டுகள், பூஞ்சையும் மக்கியதும் தின்பவை. வெளிர் பழுப்பில், முன்னங்கால் இரண்டையும் தூக்கித் துழாவிக்கொண்டு வேகமாக ஓடுபவை பெரும்பாலும் மீசோஸ்டிக்மாட்டா என்ற வேட்டையாடிகள். நடையை வைத்தே தொழிலைச் சொல்லிவிடலாம். பெட்டி மைட்டுகள் என்று ஒரு கூட்டம் உண்டு. தொந்தரவு செய்தால் கால்களை உள்ளே இழுத்து, முன்பகுதியை மூடிபோல் மடித்து, அப்படியே ஒரு விதையாகிவிடும். மாணவர்கள் இதை விதையென்றே ஒதுக்கிவிடுவார்கள். ஐந்து நிமிடம் அசையாமல் விட்டால் "விதை" எழுந்து நடக்கும். ஆறு கால் உள்ள மைட் ஒன்றும் நிச்சயம் யாருக்காவது கிடைக்கும். எட்டுக் கால் இருந்தால்தானே மைட், இது என்ன என்று விவாதம் வரும். மைட்டின் லார்வாவுக்கு ஆறு கால்தான், அடுத்த பருவத்தில்தான் எட்டு. இந்த விவாதத்தைச் சீக்கிரம் முடித்து வைக்காதீர்கள்.

இப்போது ஆழம் பற்றிய கேள்விக்கு வருவோம், பாடத்தின் மையம் இதுதான். சருகின் மேல் வாழும் ஸ்பிரிங்டெயில் பெரியது, நிறமும் கோலங்களும் உள்ளது, உணர்கொம்பும் காலும் நீளம், கண்கள் உண்டு, கவட்டை வலுவானது. மண்ணுக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் வாழ்வது சிறியது, வெள்ளை, கண் இல்லை, கொம்பும் காலும் குட்டை, கவட்டை சுருங்கிவிட்டது அல்லது அறவே இல்லை. துள்ளுவதற்கு இடமே இல்லாத துளைக்குள் கவட்டை எதற்கு? வெளிச்சமே வராத இடத்தில் நிறம் எதற்கு? மேலே இருப்பதற்குத் துள்ளல்தான் தப்பிக்கும் வழி, கீழே இருப்பதற்குத் துளைக்குள் நுழைகிற அளவுக்கு ஒடுங்கிய உடம்புதான் முக்கியம். பரிணாமத் தகவமைப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்ததை ஒரே தட்டில், ஒரே கூட்டத்துக்குள், படிப்படியாகப் பார்க்கலாம். இதற்குச் சருகையும் அதற்கு அடியில் உள்ள மண்ணையும் தனித்தனிப் புனலில் போடுங்கள். எது எந்தப் புனலிலிருந்து வந்தது என்று சொல்லாமல் மாணவர்களிடம் கொடுத்து ஊகிக்கச் சொல்லுங்கள். அப்புறம் சீட்டைத் திறந்து காட்டுங்கள்.

டிப்ளூரா, சிம்ஃபைலா, பாரோபோடா, புரோட்டுரா இந்த நான்கும் ஆழத்து ஆட்களே. எல்லாம் வெளிறியவை, எல்லாம் கண்ணற்றவை. டிப்ளூராவுக்குப் பின்னால் இரண்டு வால் இழைகள், சில வகைகளில் அவை இடுக்கியாக மாறியிருக்கும். வளர்ந்த சிம்ஃபைலாவுக்குப் பன்னிரண்டு ஜோடிக் கால்கள். பாரோபோடாவுக்குப் பெரும்பாலும் ஒன்பது ஜோடி, கூடவே கிளை பிரிந்த உணர்கொம்பு. புரோட்டுராவுக்கு உணர்கொம்பே கிடையாது, முன்னங்கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொம்புபோல் பயன்படுத்தும். 1907-இல் இத்தாலியரான ஃபிலிப்போ சில்வெஸ்த்ரி விவரித்த பிறகுதான் இப்படி ஓர் உயிரினம் இருப்பதே அறிவியலுக்குத் தெரியவந்தது. உங்கள் மாணவர் ஒருவர் புரோட்டுராவைக் கண்டுபிடித்தால் அந்த வகுப்புக்கு அதுவே போதும்.

இந்த "உடம்பைப் பார், ஆழத்தைச் சொல்" என்பதையே ஓர் அளவீடாக்கியவர் இத்தாலியின் விட்டோரியோ பரிசி. மண்ணின் தரத்தை அதில் வாழும் கணுக்காலிகளை வைத்து மதிப்பிட 2001-இல் அவர் முன்வைத்த கியூபிஎஸ்-ஏஆர் (QBS-ar) குறியீட்டில் இனப்பெயர் எதுவும் தேவையில்லை. 10 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழத்தில் மண் எடுத்து, புனலில் இட்டு, கிடைத்த ஒவ்வொரு பெரும் பிரிவுக்கும் மண் வாழ்க்கைக்கு அது எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைப் பொறுத்து 1 முதல் 20 வரை மதிப்பெண் கொடுக்க வேண்டும். மைட், போலித்தேள், டிப்ளூரா, புரோட்டுரா, சிம்ஃபைலா, பாரோபோடா ஆகியவற்றுக்கு 20. வண்டு லார்வாவுக்கும் ஈ லார்வாவுக்கும் 10. எறும்புக்கு 5. ஸ்பிரிங்டெயிலுக்கு மட்டும் உடலைப் பார்த்து 1-லிருந்து 20 வரை: மேலே துள்ளித் திரியும் வண்ணக்காரருக்குக் குறைவு, கண்ணும் நிறமும் இழந்த ஆழத்து ஆளுக்கு முழு 20. ஒரு பிரிவுக்குள் பல மதிப்பெண் வந்தால் மிக உயர்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கூட்டினால் அந்த மண்ணின் மதிப்பு.

உதாரணத்துக்கு, ஓர் இடத்தில் மைட், ஆழத்து ஸ்பிரிங்டெயில், சிம்ஃபைலா, டிப்ளூரா, வண்டு லார்வா கிடைத்தால் 20 வீதம் நான்கும் 10-ம் சேர்ந்து 90. அடிக்கடி மிதிபட்டு இறுகிய இன்னோர் இடத்தில் மைட், எறும்பு, ஈ லார்வா மட்டும் என்றால் 35. எத்தனை உயிர் என்பது இந்தக் கணக்கில் வராது, எந்த வகை உடம்பு என்பதே வருகிறது. ஆழத்துக்குப் பழகியவை வேறு இடத்துக்கு ஓடிப் போக முடியாதவை. மண்ணை உழுதாலோ இறுக்கினாலோ முதலில் காணாமல் போவது அவைதான். அதனால்தான் அவற்றுக்கு அதிக மதிப்பெண். உயர்நிலை வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. இனம் கண்டுபிடிக்கும் அட்டவணைகள் காலின் நக அமைப்பையும் முடியின் வரிசையையும் கேட்கும். அதற்கு ஸ்லைடில் பொருத்தி லாக்டிக் அமிலத்தில் தெளிவாக்கி 400 மடங்கில் பார்க்க வேண்டும். அது கல்லூரி வேலை.

எண்ணிக்கையை ஒப்பிட ஆசைப்படும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங்டெயில்கள் ஒன்றையொன்று வாசனையால் அழைத்துக் கூட்டமாகச் சேர்பவை. ஒரே மரத்தடியில் அருகருகே எடுத்த இரண்டு மண்கட்டிகளில் ஒன்றில் கொத்தாகவும் மற்றொன்றில் ஏறக்குறைய எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். இடத்துக்குக் குறைந்தது மூன்று மாதிரிகள், இரண்டு இடத்திலும் ஒரே நாளில், ஒரே ஆழத்தில். மண்ணின் ஈரத்தையும் எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பல நேரங்களில் இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் ஈர வித்தியாசமாகத்தான் இருக்கும். தரையில் கோப்பையைப் புதைத்து வைக்கும் குழிப்பொறியைச் சிலர் இதற்குப் பரிந்துரைப்பார்கள். அதில் விழுபவை மேலே அதிகம் அலைபவை மட்டும். நம் கேள்வி ஆழத்தைப் பற்றியது என்பதால் அது இங்கே உதவாது.

வரையச் சொல்லுங்கள். ஃபோனைக் கண்ணருகு லென்ஸில் வைத்துப் படம் எடுப்பது எளிது, ஆவணத்துக்கு நல்லது, ஆனால் படம் எடுத்தவர் காலை எண்ணுவதில்லை. வரைபவர் எண்ணியே ஆக வேண்டும். பென்சில், கோட்டோவியம், நிழல் வேண்டாம், பக்கத்தில் அளவுக்கோடு ஒன்று. உணர்கொம்பின் கண்டங்கள், கால் ஜோடிகள், கண் உண்டா இல்லையா, கவட்டை உண்டா இல்லையா. மதிப்பெண் ஓவிய அழகுக்கு இல்லை, எண்ணிக்கை சரியா என்பதற்கு மட்டும் என்று முன்பே சொல்லிவிட்டால் படம் வரைய வராது என்பவர்களும் தயங்க மாட்டார்கள்.

உயிர்களைக் கொல்வது சரியா என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். சல்லடையில் தட்டி எடுத்தவற்றைப் பார்த்து முடித்ததும் அதே இடத்துச் சருகில் விட்டுவிடலாம். குறியீட்டுக் கணக்குக்காகப் புனலில் எடுப்பவை சாகும். அதைக் குறைந்த மாதிரிகளோடு நிறுத்திக்கொண்டு, பதப்படுத்தியவற்றை அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் வைத்துக்கொள்வது ஒரு நியாயமான நடுவழி. இன்னொரு வழி வளர்ப்பது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒன்பது பங்கு, கரித்தூள் ஒரு பங்கு கலந்து ஒரு மூடியுள்ள டப்பாவின் அடியில் ஊற்றி இறுகவிட்டு, தண்ணீரால் நனைத்தால் ஈரம் காக்கும் கறுப்புத் தரை தயார். அதில் வெள்ளை ஸ்பிரிங்டெயில்களை விட்டு, ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்டில் ஓரிரு மணிகளை மட்டும் போடுங்கள். அதிகம் போட்டால் பூசணம் பிடிக்கும், பின்னாலேயே வேண்டாத மைட்டுகளும் வரும். ஃபோல்சோமியா காண்டிடா என்ற வெள்ளை இனம் கிடைத்தால் மிக நல்லது. ஆண் இல்லாமலேயே பெருகும், முட்டைக் கொத்துகள் கறுப்புத் தரையில் பளிச்சென்று தெரியும், வளர்ந்த பிறகும் தோலுரித்துக்கொண்டே இருக்கும். மண்ணில் உள்ள நச்சுப் பொருள்களைச் சோதிக்க 1999-இல் வந்த ஐஎஸ்ஓ 11267 தரநிலை இந்த இனத்தை வைத்துத்தான் எழுதப்பட்டது. உயர் வகுப்பு மாணவர்கள் செய்முறைத் திட்டமாக எடுக்க விரும்பினால், உப்புக் கலந்த மண்ணிலும் கலக்காத மண்ணிலும் நான்கு வாரத்தில் எத்தனை குட்டிகள் என்று எண்ணுவது எளிய தொடக்கம்.

பாதுகாப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. கையில் காயம் இருந்தால் கையுறை, விலங்குக் கழிவு உள்ள இடத்தில் மண் எடுக்கக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். போலித்தேளைப் பார்த்துப் பயப்படுபவர்கள் இருப்பார்கள். கொடுக்கு இல்லை, இடுக்கியில் உள்ள விஷம் அதன் அளவுக்கேற்ற இரைக்குத்தான், நம்மை ஒன்றும் செய்யாது.

குப்பிகளில் சேமிக்கும்போது எத்தனாலோடு இரண்டு சொட்டு கிளிசரின் சேருங்கள், விடுமுறையில் எத்தனால் ஆவியாகிப் போனாலும் உடல்கள் காய்ந்து நொறுங்காது. தேதி, இடம், ஆழம் மூன்றையும் பென்சிலால் தடித்த காகிதத்தில் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு அடுத்த வருடத்துக்குள் உதிர்ந்துவிடும்.